மீட்டர் ஒன்றில் நின்ற வாரம்

என் அக்காவின் கணவர் சீவரத்தினத்துக்கு அவர் வேலை பார்த்த ரயில்வே அலுவலகத்தில் ‘திரும்பாத ஃபைல்’ என்று பெயர். அவர் எழுதி மேலே அனுப்பிய ஃபைல் எதுவும் கேள்வியோடு அவர் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. சக குமாஸ்தாக்கள் அதைக் கேலியாகத்தான் சொன்னார்கள். அத்தான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். “போனது திரும்பி வரேல்லை எண்டால் வேலை முடிஞ்சுது எண்டு அர்த்தம்” என்று சாப்பிடும்போதும் எங்களுக்குப் பாடம் நடத்துவார். இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, மாமன் ஒருவரின் சிபாரிசில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்தக் கால யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அரசாங்க வேலை சாமி மாதிரி. அத்தானுக்கு அதைவிடப் பெரிய சாமி ஒன்று வீட்டின் பின்னறையில் இருந்தது. அதுதான் ஹாம் ரேடியோ.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா இராசேஸ்வரியோடும் அத்தானோடும்தான் இருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த ரேடியோவின் தொல்லையைச் சரிபாதி அனுபவிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சிற்றலையில், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரனோடு பேசுவது ஒரு பொழுதுபோக்காம். பேசி என்ன தெரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? உன் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது, என் குரல் உனக்கு எப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். “இதை எங்களிட்டக் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்பம்” என்பாள் அக்கா.

கூரை முனையிலிருந்து பின்வேலியோரத்து ரம்புத்தான் மரம்வரை ஒரு கம்பி கட்டியிருந்தார். அதுதான் ஏரியல். அதன் நடுவிலிருந்து ஒரு தடித்த கறுப்புக் கேபிள் சுவரோடு இறங்கி, ஜன்னல் வழியாகப் பின்னறைக்குள் போகும். செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே மேசையில் ஒரு சின்னப் பெட்டி. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். செட்டு அனுப்புகிற சக்தி கேபிள் வழியே மேலே போகிறது. ஏரியல் கேபிளுக்குப் பொருத்தமாக இல்லாவிட்டால் அதில் ஒரு பங்கு ஏறாமல் திரும்பி வருகிறது. போவதையும் திரும்பி வருவதையும் ஒப்பிட்டு அந்தப் பெட்டியின் முள் ஒரு எண்ணைக் காட்டும். எதுவுமே திரும்பி வராவிட்டால் முள் ‘ஒன்று’ என்ற இடத்தில் படுத்துக்கொள்ளும். அதுதான் உத்தமம். திரும்பி வர வர முள் இரண்டு, மூன்று என்று ஏறும்.

எங்கள் அத்தானின் முள் பல வருடங்களாக இரண்டை விட்டு இறங்கவில்லை. கம்பியை அரை அடி வெட்டுவார், மறுபடி முறுக்கி ஒட்டுவார், மரத்தில் ஏற்றுவார், இறக்குவார். முள் இரண்டிலேயே நிற்கும். மகனுக்குப் பரீட்சையில் மார்க் குறைந்த தகப்பன் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வருவார்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஏப்ரலில் நல்ல மழை. மழை விட்டதும் ஏணி வைத்து ஏறி, கம்பியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு வந்தார். அடுத்த சில வாரங்களில் முள் தானாக இறங்க ஆரம்பித்தது. ஒன்றரை, பிறகு ஒன்றேகால், பிறகு ஒன்று. அன்றைக்கு அத்தான் தன் கையாலேயே கேசரி கிண்டினார். “வந்து பாருங்கோ, ஒரு துளி திரும்பி வரேல்லை! எல்லாம் மேலே போகுது!” என்று எங்களை அறைக்குள் கூப்பிட்டு நிற்க வைத்துக் காட்டினார். அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி, “சாப்பாட்டுக் கேரியர் காலியா வீட்டுக்கு வந்தால் சோறை நீங்கள்தான் சாப்பிட்டனீங்கள் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். சும்மா வாய்த்துடுக்கில் கேட்டதுதான். அத்தான் கேசரியை நீட்டி அவள் வாயை அடைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாமே நல்ல சகுனமாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு இராஜம்மா அக்காவுக்கும் எங்களுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. டிவியில் வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம் போடுவான். கதாநாயகி அழுகிற இடமாகப் பார்த்து அத்தானின் குரல் குறுக்கே புகுந்து கரகரக்கும். இராஜம்மா அக்கா வேலிக்கு வந்து கத்துவாள். மே மாதத்திலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. “ஏரியல் சரியாயிட்டுது, அதான் அக்கம்பக்கத்துக்குக் கரைச்சல் இல்லை” என்றார் அத்தான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த உமர், ரேடியோ கேட்கிறதோடு சரி, பேச லைசென்ஸ் இல்லாதவர், போன் போட்டு, “பாஸ், உங்க வாய்ஸ் இங்க கிளியரா வருது லா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி!” என்றார். பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் என்ன தூரம்? பஸ் ஏறினால் வந்துவிடலாம். அந்தப் பாராட்டையும் அத்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கொழும்பில் மட்டும்தான் குறை. தெகிவளையில் ஹேமபால என்று ஒரு சிங்களவர், ஓய்வு பெற்ற தபால் இலாகா இன்ஜினியர். அத்தானோடு ஏழெட்டு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். அத்தானின் தங்கை தங்கரத்தினமும் அதே கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தாள். புருஷன் தவறிவிட்டான். ஒரே மகள் வதனியோடு வாடகை வீட்டில் இருந்தாள். ஹேமபால சில சமயம் அவர்கள் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்த மனிதர்தான் ஜூன் மாதம் முழுக்க, “சீவா, உன் குரல் மெலிந்துகொண்டே போகிறதே” என்றார். பிறகு, “ஏதோ இருமுவது மாதிரிக் கேட்கிறது” என்றார். அத்தான் மீட்டரைப் பார்த்தார். ஒன்று. அப்படியானால் தவறு தன் பக்கத்தில் இல்லை. சூரியனில் புள்ளிகள் குறைந்துவிட்டன, அதனால் அலைகள் சரியாகப் போவதில்லை என்று விளக்கம் சொன்னார். வீட்டில் ஒரு கேபிளைச் சந்தேகப்படுவதைவிட ஆகாயத்தில் இருக்கிற சூரியனைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஜூலை கடைசியில் கொழும்பு எரிந்தது. தமிழர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்துகிறார்கள் என்று முதலில் ரேடியோச் செய்திதான் சொன்னது. அத்தான் ஆபீசுக்கு லீவு போட்டார். டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் லைன் இல்லை என்றார்கள். தங்கைக்கும் ஹேமபாலவுக்கும் தந்தி கொடுத்தார். காசை வாங்கிக்கொண்டு, போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை என்றார்கள். கோயிலுக்குப் போனால் அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் கொழும்பில் யாரோ இருந்தார்கள். யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரம், செட்டில் ஹேமபாலவின் குரல் வந்தது. இரைச்சலுக்கு நடுவே மெல்லியதாக, ஆனால் சொல் சொல்லாகக் கேட்டது. அத்தானின் லைசென்ஸ் பெயரான அழைப்புக்குறியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு, “சீவா, நீ கேட்கிறாயா? உன் பொருள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இரண்டும் பத்திரம். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் சொல்” என்றார்.

இரண்டும் பத்திரம். அக்கா சாமிப் படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தங்கரத்தினத்தையும் மகளையும் அந்த மனிதர் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ரேடியோவில் பேசுவதை ஊரே கேட்கும். இந்த வீட்டில் தமிழர் இருக்கிறார்கள் என்று காற்றில் ஒரு வார்த்தை போனால் அவர் வீடும் எரியும். எதிர்ப்பக்கம் அத்தான் இருக்கிறார் என்று நிச்சயம் தெரிந்தால்தான் எதையும் மறைமுகமாகவாவது பேசலாம். அதனால் அந்தக் கேள்வியைச் சொல்லாமல், பதில் சொல், பதில் சொல் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தான் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக் கத்தினார். “ஹேமபால, கேட்கிறது! நன்றாகக் கேட்கிறது! சொல்!” பொத்தானை விட்டுவிட்டுக் காது கொடுத்தோம். “சீவா, நீ இருக்கிறாயா? எனக்கு எதுவும் கேட்கவில்லை” என்றது அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் கூப்பிட்டார். பிறகு, நாளை இதே நேரம் வருகிறேன் என்று செட்டை மூடிவிட்டார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒரு மனிதன் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இவர் பதில் சொல்கிறார். அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அதைவிடக் கொடுமை ஒன்று கிடையாது. அத்தான் தொண்டை கட்டி, இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கத்துவார். கத்தினால் தூரம் போய்விடுமா? அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கத்தினார்.

“இஞ்சாருங்கோ, உங்கட சாமானிலதான் ஏதோ பிழை. வேற ஆரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கோ” என்றாள் அக்கா.

“என்ர சாமானில பிழையே இல்லை. மீட்டரைப் பார். ஒண்டு. ஒரு துளி திரும்பி வரேல்லை. அந்தாளின்ர பக்கம்தான் ஏதோ பழுது. ரிசீவர் கேக்குதில்லை.”

“அப்ப ஏரியலையாவது ஒருக்கா இறக்கிப் பாருங்கோவன்.”

“நல்லா இருக்கிறதை ஆரும் கழட்டுவினமோ? கழட்டி, திருப்பிப் பூட்டேக்க பிழைச்சுதெண்டால்? இந்த நேரத்தில?”

உமருக்கு போன் போட்டார். “பாஸ், நீங்க பேசுறது சூப்பரா கேக்குது. அவரு பேசுறதும் கேக்குது. அவருக்கு ஏன் கேக்கல? அங்க கரண்ட் கிரண்ட் கம்மியா இருக்கும் லா” என்றார் உமர். அத்தான் அதையே பிடித்துக்கொண்டார். மீட்டர் ஒரு சாட்சி, கிள்ளான் இன்னொரு சாட்சி. இரண்டு சாட்சி போதாதா அவருக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஹேமபால வழக்கமான நேரத்துக்கு வந்தார். அன்றைக்கு அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. “சீவா, நாளைக் காலை பொருள் என்னை விட்டுப் போகிறது. அதற்குள் எனக்கு உன் பதில் வேண்டும். ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும். நீ கேட்டுக்கொண்டிருந்தால் தயவு செய்து பேசு.”

“ஆம்! ஆம்! ஆம்!” என்று அத்தான் கத்தினார். கேள்வி என்னவென்றே தெரியாது. என்ன கேட்டாலும் ஆம்தான்.

காற்று பலமாக அடித்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் ஓடினேன். ரம்புத்தான் மரத்துக் கொப்பு ஒன்று படாரென்று முறிந்தது. ஏரியல் கம்பி அதோடு அறுந்து, துணிக்கொடியில் உரசி, காலடியில் வந்து விழுந்தது. கறுப்புக் கேபிளின் மேல்முனை கம்பியை விட்டுப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் வெறுமனே தொங்கியது. நான் துணியையும் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அத்தான் அப்போதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அத்தான், நிப்பாட்டுங்கோ! ஏரியல் அறுந்து நிலத்தில கிடக்குது!”

“உனக்கென்ன விசரே? இஞ்ச பார், மீட்டர் ஒண்டு காட்டுது.”

நான் பார்த்தேன். முள் ஒன்றில்தான் படுத்திருந்தது. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் கையைப் பிடித்து, ஐம்பத்து மூன்று வயது மனிதரை, தரதரவென்று பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மழையில் நின்று அந்தக் கம்பியைப் பார்த்தார். தொங்குகிற கேபிளைப் பார்த்தார். உள்ளே போய் மறுபடி பொத்தானை அழுத்தி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ஏரியலே இல்லை. போனதெல்லாம் முட்டித் திரும்பி வந்திருக்க வேண்டும், முள் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. கேபிளின் முனையைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். கறுத்த தண்ணீர் சொட்டியது. கத்தியால் உறையைக் கீறினார். உள்ளே பின்னலாக இருந்த செம்பு முழுக்கப் பச்சையும் கறுப்புமாக உளுத்துப் போயிருந்தது. மேல்முனையில் அவர் சுற்றிய டேப் வெயிலில் வெடித்து, ஏப்ரல் மழையெல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எனக்கும் அவர் சொல்லித்தான் விளங்கியது. ஊறிப்போன கேபிள், போகிற சக்தியை அநேகமாக முழுவதும் வழியிலேயே குடித்துவிட்டது. மேலே முட்டித் திரும்பி வந்த கொஞ்சத்தையும் வருகிற வழியில் குடித்துவிட்டது. மேசையில் உட்கார்ந்திருந்த மீட்டருக்கு வந்து சேர எதுவும் மிச்சமில்லை. அது பொய் சொல்லவில்லை. என்னிடம் எதுவும் திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் சொன்னது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அது ஒரு நாளும் சொல்லவில்லை. கிள்ளானுக்குப் போக அந்த மிச்சம் மீதி போதும். கொழும்புக்குப் போதாது. இராஜம்மா அக்காவின் டிவி அமைதியானதும் அதனால்தான். ஹேமபாலவின் செட்டு பலமானது, அதனால் அவர் குரல் அந்த உளுத்த கேபிளிலும் எப்படியோ வந்துகொண்டிருந்தது.

மாற்றுக் கேபிள் வீட்டில் இல்லை. கடைகள் மூடுகிற நேரம். அத்தான் மழையோடு வேலியைத் தாண்டிப் போய், “இராஜம்மா, உங்கட டிவி ஏரியல் வயரைத் தாங்கோ” என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தானே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பட்டை வயரைச் செட்டில் மாட்டி, அறுந்த கம்பியை ஜன்னல் கம்பியிலிருந்து வேலிக்குக் கட்டி, நானும் அக்காவும் குடை பிடிக்க, பொத்தானை அழுத்தினார். முள் மூன்றைத் தாண்டிக் குதித்தது. அவர் வாழ்நாளில் பார்த்திராத மோசமான எண். அதைப் பொருட்படுத்தாமல் கூப்பிட்டார். ஆனால் அதற்குள் ஹேமபால மூடிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையிலும் அத்தான் கூப்பிட்டார். யாரும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்ட முதல் தடவையே பதில் வந்தது.

“சீவா! நீயா? குரல் கணீரென்று கேட்கிறதே! எங்கே போயிருந்தாய்?”

அத்தான் பொத்தானை அழுத்தினார். மீட்டர் முள் மூன்றில் நின்று நடுங்கியது. “பதில் ஆம். எதுவானாலும் ஆம்” என்றார்.

 பிறகு ஹேமபால மெதுவாகச் சொன்னார். “அவர்கள் காலையில் கப்பலேறிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு. இனி வெளிப்படையாகவே சொல்லலாம். என் நண்பர் குடும்பம் ஒன்று சிங்கப்பூருக்குப் போகிறது. மகளை அவர்களோடு அனுப்பினால் நீ வந்து கூட்டிக்கொள்வாயா, உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா என்று உன் தங்கை கேட்கச் சொன்னாள். அதுதான் கேள்வி. நான் தினமும் கூப்பிட்டேன். உன் செட்டு பழுதாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், என்னிடம் முடியாது என்று சொல்ல மனம் வராமல் பேசாமல் இருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.”

“அவளிடம் சொல்லு ஹேமபால. ஆம் என்று சொல்லு.”

“எங்கே போய்ச் சொல்வேன் சீவா? கப்பல் போய்விட்டது.”

அத்தான் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஹேமபால அந்தப் பக்கம் சீவா, சீவா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்காதான் எட்டிச் செட்டை அணைத்தாள்.

யாழ்ப்பாணத்துக்கு அத்தான் எழுதாத கடிதம் இல்லை. எது போனது, எது போகவில்லை என்று தெரியாது. பதில் வரவில்லை. அடுத்த வருடம் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். வதனி ஒருநாள் டியூஷனுக்கென்று சைக்கிளில் போனாள், வீடு திரும்பவில்லை. இயக்கத்துக்குப் போனாள் என்று சிலர் சொன்னார்கள். ஆமிக்காரன் பிடித்தான் என்று சிலர் சொன்னார்கள். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருந்தது. எந்த நேரமும் காலியாகத்தான் இருந்தது.

எண்பத்து ஐந்தில் தங்கரத்தினம் மெட்ராஸுக்கு அகதியாக வந்து, யாருடைய வீட்டிலிருந்தோ எங்களுக்கு போன் செய்தாள். அத்தான் அன்றைக்காகவே இரண்டு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் போல. நலம் விசாரிக்கக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார். கேபிளுக்குள் தண்ணீர் போனது, மீட்டர் ஒன்று காட்டியது, அது எதை அளக்கிறது, எதை அளக்காது, தான் ஒவ்வொரு நாளும் பதில் சொன்னது எல்லாம் சொன்னார். ஒரு தங்கையிடம், மகளைத் தொலைத்தவளிடம், எஸ்.டபிள்யூ.ஆர். என்றால் என்ன என்று விளக்கினார். உண்மையைச் சொல்ல அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கே அது ஒரு கெட்டிக்காரக் குமாஸ்தா ஜோடித்த சாக்கு மாதிரித்தான் கேட்டது.

அந்தப் பக்கம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அவள் சொன்னதை அத்தான் எனக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

“எனக்கு உந்த மிஷின் கதையள் விளங்காது அண்ணை. விடுங்கோ. அந்த நேரம் உங்களுக்கும் என்ன கஷ்டமோ. நான் ஒரு நாளும் உங்களைப் பிழையாய் நினைக்கேல்லை.”

எனக்குப் பொறுக்கவில்லை. ரிசீவரைப் பிடுங்கினேன். “மச்சாள், அத்தான் சொல்லுறது சத்தியம். அந்த வயரை நானே என்ர கண்ணால பார்த்தனான். அவர் ஆம் ஆம் எண்டு கத்தினதை நான் பக்கத்தில நிண்டு கேட்டனான்” என்றேன்.

“ஓம் பிள்ளை” என்றாள் தங்கரத்தினம், மிகவும் அன்பாக. “நீங்கள் அந்த வீட்டு ஆள்தானே. அப்பிடித்தான் சொல்லுவீங்கள்.”